மொழிபெயர்த்த வினாத்தாள் ஏன் போதாது?

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், அம்மண்ணின் மொழியையே பயிற்றுமொழியாகக் கொண்ட அரசுப் பள்ளிகள் 'கையாபுனி' எனப்படுகின்றன. 1896-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வகுப்பறையை விட்டு வெளியேற்றப்பட்ட ஹவாய் மொழி, 1987-இல் இவற்றின் வழியாகவே அரசுத் தொடக்கப் பள்ளிக்குத் திரும்பியது. இங்கே ஆங்கிலப் பாடம் ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஆனால், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் பொதுத்தேர்வு நடத்த வேண்டும் என்று 2002-இல் கையெழுத்தான கூட்டரசுச் சட்டம் வகுத்தது. எட்டு வயதுப் பிள்ளையிடம், அது எழுத்துக்கூட்டிப் படிக்கவே கற்றிராத மொழியில் கணக்குக் கேட்டால், அந்த விடைத்தாள் கணக்கறிவைக் காட்டாது.

ஆங்கில வினாத்தாளை ஹவாய் மொழியில் பெயர்த்துக் கொடுத்த முயற்சியும் நிறைவளிக்கவில்லை. ஆங்கிலத்தின் 'வீ' என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு இருப்பதுபோல ஹவாய் மொழியிலும் கேட்பவரைச் சேர்த்தும் விலக்கியும் சொல்லும் வேறுபாடு உண்டு. அதற்கு மேல், பேசப்படுவோர் இருவரா, இருவருக்கு மேற்பட்டவரா என்பதையும் பிரிப்பதால் அங்கே நான்கு சொற்கள் இருக்கின்றன. எனவே, மூல வினாவில் இல்லாத செய்தியொன்றை மொழிபெயர்ப்பாளர் தாமே சேர்த்தாக வேண்டும். அது விடையையே மாற்றிவிடக்கூடும்.

எண்ணும் முறையிலும் இத்தகைய தனித்தன்மை உண்டு. மீனையும் சேப்பங்கிழங்கையும் நான்கு நான்காக எண்ணுவது பழைய ஹவாய் வழக்கம். ஐந்து விரல்களுக்கு இடையிலுள்ள நான்கு இடுக்குகளிலும் ஒவ்வொரு மீனைப் பற்றிக்கொள்ளலாம் என்பதை அதற்குக் காரணமாகச் சொல்வர். நான்கு 'காவுனா', அதன் பத்து மடங்கான நாற்பது 'கஅவு', நானூறு 'லவு' என அடுக்கு வளரும். பெருக்கலைக் கற்பிக்க இதைவிடக் கைக்கு நெருங்கிய கருவி அரிது. ஆனால், வேற்று மண்ணில் எழுதப்பட்ட வினாத்தாளில் இதற்கு இடம் எப்படி வரும்?

ஹவாய் பல்கலைக்கழகத்தின் மானோவா வளாகத்தினர் கையாபுனி ஆசிரியர்களோடு சேர்ந்து, ஹவாய் மொழியிலேயே வினாக்களை ஆக்கி, 2015-இல் மூன்று, நான்காம் வகுப்புகளில் முன்னோட்டமாக நடத்திய தேர்வின் பெயர் 'காஏயோ'. உணவு நிரம்பிய சுரைக்குடுக்கையையும் அறிவு நிரம்பிய மனத்தையும் ஒருசேரக் குறிக்கும் சொல் அது. கூட்டரசு விலக்களித்த பின், அவ்வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத் தேர்வையும் சேர்த்து எழுத வேண்டிய கட்டாயம் நீங்கியது.