1984: தெருவுக்கு ஒரு தொலைக்காட்சி

அண்மையில் நாம் பிறந்து வளர்ந்த பெருங்களத்தூருக்குச் சென்றிருந்தோம். மாலை ஏழு மணி. உறவினர் இல்லத்தின் கூடத்தில் நால்வர் அமர்ந்திருந்தனர். நால்வர் கையிலும் நான்கு கைப்பேசிகள். தந்தை செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். தாய் தொடர்கதையில் ஆழ்ந்திருந்தார். மகன் விளையாட்டிலும், மகள் பாட்டிலும் தம்மை மறந்திருந்தனர். சுவரை நிறைத்திருந்த பெரிய தொலைக்காட்சிப் பெட்டியோ பார்ப்பாரின்றித் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. “இப்பல்லாம் டிவியை யார் சாமி பாக்கிறா?” என்று அவ்வீட்டுப் பெரியவர் சிரித்தார்.

அச்சிரிப்பு நம் நினைவை 1984-ஆம் ஆண்டுக்கு இழுத்துச் சென்றது. அப்போது நமக்கு வயது பத்து. எங்கள் தெரு முழுமைக்கும் ஒரே ஒரு தொலைக்காட்சிதான். அந்தப் பெட்டி அவ்வாண்டில் நமக்குக் கற்பித்த பாடம், நால்வருக்கு நான்கு திரைகள் வாய்த்துள்ள இந்நாளில் இன்னும் தேவையாகிறது என்பதால் இதனை எழுத முற்பட்டோம்.

பெட்டி வந்த வழி

இந்திய நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. தமிழகம் அதனைக் காண மேலும் பதினாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னை நிலையம் பிறந்தது. சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மட்டுமே அந்நாளில் படம் தெரியும். தென்கோடித் தமிழர் பலர் உயர்ந்த கம்பங்களை நட்டு, 1982-இல் தொடங்கப்பெற்ற இலங்கையின் ரூபவாகினியைக் கண்டு வந்தனர் என்பதை அப்பகுதி அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1982 ஆகஸ்டு 15 அன்று இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒன்று, கறுப்பு வெள்ளையாக இருந்த ஒளிபரப்பு வண்ணம் பெற்றது. மற்றொன்று, தில்லியிலிருந்து நாடு முழுமைக்கும் ஒரே நேரத்தில் செல்லும் தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 30 அன்று அமெரிக்க விண்ணோடமாகிய ‘சேலஞ்சர்’ நமது இன்சாட்-1பி துணைக்கோளைச் சுமந்து சென்றது. அத்துணைக்கோளின் துணைகொண்டு 1984-இல் நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் எழுந்தன. சில மாதங்கள் நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் அவை திறக்கப்பட்டன. அதுவரை சில பெருநகரங்களின் புதுமையாக இருந்த தொலைக்காட்சி, அந்த ஓராண்டில் நாட்டின் பொதுச் சொத்தாயிற்று எனலாம்.

அமெரிக்க நாட்டில் அந்நாளில் மூன்று பெரிய நிறுவனங்கள் தத்தம் நிகழ்ச்சிகளை வழங்கிப் போட்டியிட்டன. இங்கே தூர்தர்ஷன் என்னும் ஒரே நிறுவனம், அதுவும் அரசினுடையது. நாடு முழுமைக்கும் ஒரே சாளரம். அச்சாளரம் திறந்தால் எல்லாரும் காண்போம். அது மூடிக்கொண்டால் எவரும் காணோம்.

இரயில்வே மாமா வீடு

பெருங்களத்தூர் இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. அந்நாளில் அது ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர். எங்கள் தெருவில் இரயில்வேயில் பணியாற்றிய ஒருவர், மரப்பெட்டிக்குள் அமைந்து, இழுத்து மூடும் கதவும் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியை வாங்கினார். சாலிடேர், டயனோரா எனச் சென்னையிலேயே செய்யப்பட்ட பெட்டிகள் அந்நாளில் பெயர் பெற்றவை. அதற்கு ஆண்டுக்கு ஐம்பது ரூபாய் உரிமக் கட்டணம் உண்டு என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். எண்பதுகளின் நடுவில்தான் அக்கட்டணம் கைவிடப்பட்டது.

மொட்டை மாடியில் மீன்முள் போன்ற அலுமினிய ஆன்டெனா, சென்னை நகரை நோக்கி நின்றது. காக்கை அமர்ந்தால் படம் ஆடும். காற்றடித்தால் படம் மறையும். மேலே ஒருவர் அதனைத் திருப்ப, கீழே நின்று, “தெரியுது… போச்சு… இன்னும் கொஞ்சம்!” என்று கூவும் பணி எங்களைப் போன்ற சிறுவர்க்கு உரியது.

அவ்வீட்டு அம்மாவை நாங்கள் அத்தை என்றே அழைப்போம். அவர்கள் நம் சபையினர் அல்லர். ஆயினும் தெருவிலுள்ள எந்தப் பிள்ளைக்கும் அக்கதவு அடைபட்டதில்லை. செருப்பை வெளியே விடவேண்டும், முதியோர்க்கு நாற்காலி, பிள்ளைகளுக்குத் தரை, கூச்சலிடலாகாது. இவையே அத்தையின் சட்டங்கள். வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ திரைப்பாடல்களுக்கும், ஞாயிறு மாலைத் திரைப்படத்துக்கும் அக்கூடம் நிரம்பி, சாளரக் கம்பிகளிலும் தலைகள் தெரியும். ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியைப் பார்க்கச் சில உழவர்களும் வருவர்.

நம் வீட்டில் ஏழு மணிக்குச் செபமாலை. வெள்ளிக்கிழமைதோறும் நமது விரல்கள் மணியை உருட்டினாலும், காதுகள் எதிர்வீட்டில் இருந்தன. சில வாரங்கள் பார்த்த தந்தையார், வெள்ளியன்று மட்டும் செபமாலையை ஆறரை மணிக்கு முன்தள்ளினார். நம்மைக் கடிந்துகொள்ளவும் இல்லை. செபத்தைக் கைவிடவும் இல்லை. ஒரு வீட்டின் பொது நேரத்தைக் காப்பதற்குக் கண்டிப்பு மட்டும் போதாது, கொஞ்சம் அறிவும் வேண்டும் என்பதை நாம் குருவான பின்பே உணர்ந்தோம்.

கண்டவையும் புரியாதவையும்

1984 ஏப்ரல் 3 அன்று விமானப்படை அதிகாரி ராகேஷ் சர்மா சோவியத் விண்கலத்தில் ஏறி விண்வெளி சென்ற முதல் இந்தியரானார். விண்ணிலிருந்த அவரிடம் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் நாடு அங்கிருந்து எவ்வாறு தோன்றுகிறது என வினவியதும், அவர் கவிஞர் இக்பாலின் பாடலடி ஒன்றால் விடையளித்ததும் தொலைக்காட்சியில் வந்தன. சொற்கள் புரியாவிடினும் அத்தையின் கூடம் கைதட்டி மகிழ்ந்தது.

சூலை 7 அன்று ‘ஹம் லோக்’ என்னும் இந்தித் தொடர் தொடங்கியது. நாட்டின் முதல் நெடுந்தொடர் இதுவே. மெக்சிகோ நாட்டில் குடும்பநல அறிவுரைகளைக் கதை வடிவில் புகட்டிய தொடர்களைப் பின்பற்றி, மனோகர் சியாம் ஜோஷி இதனை எழுதினார். ஒவ்வொரு நாளும் கதை முடிவில் நடிகர் அசோக் குமார் தோன்றி அறிவுரை கூறுவார். அவருக்கு நான்கு இலட்சம் கடிதங்கள் வந்தன என்பர். ஆயினும் வடநாட்டை ஆட்கொண்ட அத்தொடர், தமிழ் இல்லங்களில் அவ்வாறு வேரூன்றவில்லை. எட்டரை மணிக்குப் பின் இந்தி தொடங்கினால் நம் தெருவார் எழுந்து வீடு செல்வர். ஒரே சாளரம் எல்லார்க்கும் உரியது என்றனர். எல்லார்க்கும் அது ஒரே மொழியிலேயே பேசியது என்பது நம் மக்களின் நியாயமான மனக்குறை.

எங்கள் தெருவில் அந்த இந்தி முழுவதும் புரிந்த குடும்பம் ஒன்றே ஒன்றுதான். தாம்பரம் விமானப்படை நிலையத்தில் பணியாற்றிய ஒரு சீக்கியர், மனைவியுடனும் சிறு மகனுடனும் அங்கு வாடகைக்குக் குடியிருந்தார். நாங்கள் அவரைச் சர்தார்ஜி மாமா என்போம். ‘ஹம் லோக்’ வரும் நாளில் அத்தையும் அக்குடும்பமும் மட்டும் அமர்ந்திருக்க, அவர் தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் அத்தைக்குக் கதை சொல்வார்.

அக்டோபர் 31

புதன்கிழமை காலை 9.20 மணியளவில் பிரதமர் இந்திரா காந்தி தம் இல்லத்திலேயே மெய்க்காவலர் இருவரால் சுடப்பட்டார். பிற்பகல் 2.20 மணியளவில் அவரது மறைவை மருத்துவர்கள் உறுதிசெய்தனர். அகில இந்திய வானொலியோ மாலை 6 மணிக்குத்தான் அதனை நாட்டுக்கு அறிவித்தது. அதற்குப் பல மணி நேரம் முன்னரே பி.பி.சி. வானொலி அச்செய்தியைச் சொல்லிவிட்டது. வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த மகன் ராஜீவ் காந்தியே பி.பி.சி.யைக் கேட்டு உண்மையை உறுதிசெய்துகொண்டார் என்பது வரலாறு. 1963 நவம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது, மருத்துவர்கள் மறைவை உறுதிசெய்த 40 நிமிடங்களுக்குள் அந்நாட்டுத் தொலைக்காட்சி அதனை மக்களுக்குச் சொல்லிவிட்டது. ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரே சாளரத்தின் குறை தெளிவாகும்.

மறுநாள் சகல புனிதர் திருநாள். கடைகள் அடைபட்டிருந்தன. தெரு முழுவதும் அத்தையின் கூடத்தில் கூடியிருந்தது. தில்லி தீன்மூர்த்தி இல்லத்தில் அம்மையாரின் உடலும், வரிசையில் வந்த மக்கள் வெள்ளமும் திரையில் தோன்றின. பெண்கள் அழுதனர். கூட்டத்தில் சிலர் ஏதோ முழக்கமிட்டனர். எங்களுக்கு அது வெறும் ஓசை. கதவோரம் அமர்ந்திருந்த சர்தார்ஜி மாமாவின் முகம் திடீரென்று வெளிறியது. மகனைத் தூக்கிக்கொண்டு, மனைவியை அழைத்து, ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து சென்றுவிட்டார். படம் பிடிக்கவில்லை போலும் என்று நாங்கள் எண்ணினோம்.

இரத்தத்துக்கு இரத்தம் என்பதே அம்முழக்கம். சுட்ட காவலர் இருவரும் சீக்கியர் என்பதால் அவ்வினத்தார் அனைவர் மீதும் பழி கேட்ட குரல் அது. அம்முழக்கம் தூர்தர்ஷனில் ஒலித்தது பின்னாளில் பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதே வேளையில் தில்லித் தெருக்களில் எரிந்த வீடுகளையும் கொல்லப்பட்ட மக்களையும் அச்சாளரம் நமக்குக் காட்டவில்லை. தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டனர் என்பது பின்னர் அரசுக் குழுவொன்று தந்த கணக்கு. ஆக, ஒரே பெட்டி, காட்டலாகாததைக் காட்டியது. காட்ட வேண்டியதை மறைத்தது. எங்கள் கூடத்தில் அதனை முழுதும் புரிந்துகொண்டவர் ஒருவரே. அவரோ அஞ்சி எழுந்து போனார்.

அத்தை செய்தது

மறுநாள் வெள்ளிக்கிழமை, மரித்த விசுவாசிகளின் நினைவுநாள். காலையில் கல்லறைத் தோட்டம் சென்று மெழுகுவர்த்தி ஏற்றித் திரும்பினோம். நாடு துக்கத்தில் இருந்ததால் அன்று மாலை ‘ஒளியும் ஒலியும்’ இல்லை. சீக்கியர் வீட்டுக் கதவு பகல் முழுவதும் அடைத்தே கிடந்தது. இரயில்வே மாமா யாரிடமோ கேட்டறிந்து வந்து தில்லி நிலையை மெல்லிய குரலில் கூறினார். அத்தை எதுவும் பேசவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைக் கடந்து போய் அக்கதவைத் தட்டினார். பின்னால் ஓடிய சிறுவர் கூட்டத்தில் நாமும் ஒருவர்.

நெடுநேரம் கழித்துக் கதவு சிறிது திறந்தது. “தம்பி, வீட்டுல அழைச்சுக்கிட்டு வாங்க. நீங்க இல்லாம எனக்கு அந்த இந்தியை யாரு சொல்லுவா?” என்றார் அத்தை.

சனிக்கிழமை, நவம்பர் 3. அம்மையாரின் இறுதி ஊர்வலத்தை நாடே பார்த்தது. அத்தையின் கூடத்தில், வழக்கமான கதவோரத்தில் அன்று, பெட்டிக்கு நேர் எதிரே நடுவில், சர்தார்ஜி மாமாவும் மனைவியும் அமர்ந்திருந்தனர். அவர்தம் மகன் அத்தையின் மடியில் உறங்கினான். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அவ்விருவரும் நம் மக்களோடு சேர்ந்து அழுததை நாம் கண்டோம்.

எது நம் கையில்?

1993-இல் தனியார் தமிழ் ஒளிபரப்பு வந்தது. சென்னை நிலையத்தின் அலைவரிசை பொதிகையாகி, 2024-இல் டி.டி. தமிழ் என்னும் பெயரும் பெற்றது. ஒரு சாளரம் ஆயிரமாயிற்று. இன்று பத்து வயதுப் பிள்ளையின் கையிலும் உலகம் இருக்கிறது. மறைக்கும் அதிகாரம் ஒருவரிடம் இல்லாமற் போனது நன்றே. ஆனால் பழிக்குப் பழி என்னும் முழக்கம் இன்று ஒவ்வொரு கைப்பேசியிலும் தனித்தனியே ஒலிக்கிறது. அதைக் கேட்டு வெளிறும் முகத்தைக் காண அருகில் யாரும் அமர்ந்திருப்பதில்லை. இதுவே நம்மைக் கவலையுறச் செய்கிறது.

தொலைக்காட்சிக்குத் திருச்சபை அளித்த பாதுகாவலி அசிசி நகரத்துப் புனித கிளாரா என்பதை வாசகர் அறிவர். 1958-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்வாறு அறிவித்தார். நோயுற்றுப் படுக்கையில் கிடந்த கிளாரா, கோவிலுக்குச் செல்ல இயலாத கிறிஸ்து பிறப்பு இரவில், அங்கு நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. வர இயலாதவரையும் உடன் அமர்த்துவதே தொலைவில் இருப்பதைக் காட்டும் கருவியின் பயன் என்பதன்றோ இதன் கருத்து?

ஆகவே குடும்பத் தலைவர்க்கும் தலைவியர்க்கும் நமது வேண்டுகோள் சிறியதே. நாளில் ஒரு மணி நேரமாவது திரைகளை ஒதுக்கிவைத்து ஒரே கூடத்தில் அமருங்கள். எதையேனும் பார்ப்பதாயினும் சேர்ந்து பாருங்கள். ஓர் இனத்தார் மீதோ சமயத்தார் மீதோ பழி சுமத்தும் காட்சி வந்தால், அதனைப் பிறர்க்கு அனுப்புமுன், அவ்வினத்தார் ஒருவர் உங்கள் கதவோரம் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். பெட்டி எதைக் காட்டும் என்பது அன்றும் நம் கையில் இல்லை, இன்றும் இல்லை. கதவு மட்டும் என்றும் நம் கையில்தான் இருக்கிறது.

அத்தை இன்று இல்லை. அவ்வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. அன்று மாலை உறவினர் வீட்டிலிருந்து புறப்படுமுன் நாம் இக்கதையைச் சொன்னோம். மகளின் கைப்பேசி முதலில் கீழே வைக்கப்பட்டது, பின்னர் மகனுடையது. “அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான் சாமி?” என்று அவள் கேட்டாள். அறியோம். எங்கிருப்பினும், பெருங்களத்தூரில் ஒரு மடி தனக்கு இருந்தது என்பதை அவன் மறந்திருக்க மாட்டான்.