கேரட் பாத்தியின் யூரியா எங்கே போகிறது?

ஊட்டி ஏரியில் ஆகாயத்தாமரை மண்டும்போதெல்லாம் பழி நகரச் சாக்கடை மேல் விழும். தப்பில்லை. கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் ஓடைகளை மறித்து உண்டாக்கிய அந்த ஏரிக்குள் கோடப்பமந்து கால்வாய் கொண்டுவந்து சேர்ப்பது ஊரின் கழிவைத்தான். ஆனால் நகரைத் தாண்டி நஞ்சநாடு, முத்தொரை பாலாடா, கேத்தி பக்கம் போனால் ஓடைக்குள் இறங்கும் நைட்ரஜனுக்கு இன்னொரு வழி உண்டு: கேரட், உருளை, முட்டைக்கோஸ் பாத்திகளில் கொட்டும் உரம்.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். மண்ணில் கரைந்ததும் அது அம்மோனியமாகிறது. பிறகு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியத்துக்கு நேர்மின்னூட்டம் என்பதால் எதிர்மின்னூட்டம் கொண்ட களி அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னூட்டமே, அதை மண் கைவிட்டுவிடும். நாலு நாள் அடைமழை பெய்தால் வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கி, கீழே எங்கோ ஊற்றாகக் கசியும். நிறம் இல்லை, வாடை இல்லை. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுத் தர விதி.

மலை இதற்கு ஏற்கெனவே ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. குன்றுகளின் இடுக்கில் கிடந்த சதுப்புகள்தான் அது. ஆக்ஸிஜன் எட்டாத அந்தச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாகக் காற்றுக்கே திருப்பிவிடும். காசு செலவில்லாத சுத்திகரிப்பு நிலையம்! நாம் அதில் வடிகால் வெட்டிக் காய்கறி போட்டோம். வடிகட்டி இருந்த இடத்திலேயே இப்போது உரம் விழுகிறது. சாக்கடையைவிட இதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. சாக்கடைக்குக் குழாய் பதிக்கலாம், சதுப்பை யார் செய்து தருவது?

தேயிலைக்கும் நைட்ரஜன் கொட்டுகிறார்கள். ஆனால் அங்கே ஆண்டு முழுவதும் புதர் நிலத்தை மூடியிருக்கிறது, வேரும் ஆழம். காய்கறி நிலத்தையோ போகத்துக்குப் போகம் கொத்திப் புரட்டுகிறோம்.

செய்ய வேண்டியது ரகசியம் ஒன்றும் இல்லை. மலைப்பக்கமாக உள்சாய்ந்த படிமட்டங்கள், பிரித்துப் போடும் மேலுரம், மழைக்கு முன்னால் யூரியா வீசாமை, ஓடைக்கரையில் உழாமல் விடும் புல் பட்டை. நியூசிலாந்தின் டௌப்போ ஏரியைச் சுற்றி 2011 முதல் பண்ணைக்கு இவ்வளவுதான் நைட்ரஜன் கசியலாம் என்று உச்சவரம்பே இருக்கிறது. இருந்தும், பழைய நைட்ரஜன் நிலத்தடி நீரோடு பல பத்தாண்டுகள் மெல்ல நகர்ந்து இன்னும் அந்த ஏரிக்கு வந்துகொண்டிருக்கிறது.

நீலகிரித் தண்ணீர் மோயாறாகவும் பவானியாகவும் இறங்கிப் பவானிசாகருக்குப் போகிறது. மலையில் அரை ஏக்கர் வைத்திருப்பவர் ஓடையோரம் நாலடியைப் புல்லுக்கு விட்டால் நஷ்டம் அவருக்கு, லாபம் கீழே இருக்கும் நமக்கு. யூரியா மூட்டைக்கு மானியம் தரும் அரசு அந்த நாலடிக்கும் தரட்டும்.