புதுச் சரக்கா? சிறிதாகத் தொடங்குங்கள்

புதிய தயாரிப்பைச் சந்தைக்குக் கொண்டுவர எண்ணுவோர் பலர், எடுத்த எடுப்பிலேயே இடம், இயந்திரம், ஆட்கள் என்று கைப்பணம் முழுவதையும் போட்டுவிடுகின்றனர். சரக்கு நகராவிட்டால் பணம் முடங்கும். வட்டி மட்டும் ஏறும்.

இதைத் தவிர்க்கும் முறையை 'மினிமம் வயபிள் புராடக்ட்' என்கின்றனர். விற்கத்தக்க மிகச் சிறிய அளவில் சரக்கை விற்றுப் பார்த்து, வாங்குவோர் கருத்துப்படி திருத்தி, அதன் பிறகே பெருக்குவது என்பது இதன் பொருள்.

பெயர் புதிது, வழி பழையது. கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதன், 1983-இல் 15,000 ரூபாயுடன் 'சிக்' ஷாம்பு தொழிலில் இறங்கினார். 300 ரூபாய் வாடகையில் தொழிற்கூடம், 3,000 ரூபாயில் பேக்கிங் இயந்திரம். பின்னர், எந்த ஷாம்புவின் காலிப் பாக்கெட் ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். வரவேற்பு கிடைத்ததும், சிக் காலிப் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே இலவசம் என மாற்றினார். விற்பனை பெருகியது. அந்நிறுவனமே இன்றைய கெவின்கேர்.

வண்டியூரில் சத்துமாவு விற்க நினைப்பவரும் உடனே மில் போட வேண்டியதில்லை. 20 கிலோவைக் கூலிக்கு அரைத்து, கால் கிலோ பாக்கெட்டுகளாக ஐந்து கடைகளில் வைக்கலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவும், பாக்கெட்டில் எடை, விலை, தேதியும் அவசியம். சரக்கு சிறிது என்பதால் தரம் குறையக் கூடாது.

முதல் விற்பனை முகதாட்சண்யத்தால் நடக்கும். மறுமுறை கேட்டு வருவோர் எத்தனை பேர் என்பதே உண்மைக் கணக்கு. அதைக் கடைக்காரரிடம் வாரந்தோறும் கேட்டுக் குறித்து வாருங்கள். கேட்பார் இல்லையேல் நஷ்டம் 20 கிலோவோடு நிற்கும். இருந்தால், துணிந்து கடன் வாங்கலாம்.