வீட்டைக் கட்டுமுன் வெயிலை எண்ணுவோம்

சித்திரைப் புத்தாண்டையொட்டிய நாள்களில், கிளிநொச்சியிலே நண்பகல் வேளை முற்றத்தில் ஒரு கோலை நட்டுப் பாருங்கள். அதன் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். சூரியன் அப்போது நேர் உச்சியில் நிற்கிறான். ஓகஸ்ட் இறுதியிலும் அவ்வாறே. ஆதலின் வன்னியிலே ஒரு மாடியில்லா வீட்டின்மீது விழும் வெயிலில் பெரும் பங்கைத் தாங்குவது சுவரன்று, கூரையே.

இதனை நாம் வகுப்பிலே கூறியபோது மாணவர் ஒருவர் எழுந்து, "எங்கள் அப்பு இதெல்லாம் படிக்காமலே குளிர்ச்சியான வீடு கட்டினாரே, சேர்?" என்றார். நல்ல கேள்விதான். மண்சுவரும் கிடுகுக் கூரையும் தாழ்ந்த இறவாரமும் தலைமுறை தலைமுறையாகப் பிழைவிட்டுத் திருத்திப் பெற்ற அறிவு. சீமெந்துக் கல்லுக்கும் தகரத்துக்கும் அத்தகைய நீண்ட அனுபவம் நம்மிடம் இல்லை. அதனைத் தேட அவகாசமும் கிடைக்கவில்லை. 2009 இல் போர் முடிந்தபின், மீளக் குடியேறியோருக்குச் சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் வீடுகள் எழவேண்டியிருந்தன. 2012 முதல் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ரூபா 550,000 கிடைத்தது. அதற்குள் வீட்டை முடிக்கப் பட்ட பாடு கட்டியவர்களுக்கே தெரியும். எந்தக் கூரை குளிர்ச்சி என்று ஆராய எவருக்கு நேரமிருந்தது?

பின்னர் 2015, 2016 ஆம் ஆண்டுகளில், வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை நிறுவும் திட்டமொன்றை அரசாங்கம் முன்வைத்தது. இந்த வெயிலில் இரும்பு வீட்டினுள் குடியிருப்பது எங்ஙனம் என மக்கள் கேட்டனர். விலை, காற்றோட்டம், நீடித்த உழைப்பு எனப் பொறியியலறிஞரும் பல குறைகளை எடுத்துக்காட்டினர். திட்டம் அந்த வடிவில் நிறைவேறவில்லை. நாமும் எதிர்த்தோர் பக்கமே நின்றோம். ஆயினும் வெப்பத்தைப் பற்றி வாதிட்டபோது எம் கையிலிருந்தது உடம்பறிந்த உண்மை மாத்திரமே, கணக்கு அன்று.

மெல்லிய தகடு வெயிற்சூட்டைத் தாமதமின்றி உள்ளே விடும். ஆனால் பொழுதுபட்டதும் விரைவிற் குளிர்ந்தும் விடும். தடித்த சுவரோ பகற்சூட்டைப் பிடித்து வைத்திருந்து, நாம் பாய் விரிக்கும் நேரத்தில் மெல்ல மெல்ல விடும். இவற்றுள் எது நன்று என்பதை வாயாற் பேசித் தீர்க்கவியலாது.

இங்குதான் கணினி கைகொடுக்கிறது. கட்டப்போகும் வீட்டின் திசை, சுவரின் தடிப்பு, கூரைப் பொருள், யன்னல்களின் அளவு, உள்ளே வாழ்வோர் தொகை, அடுப்பின் வெப்பம் ஆகியவற்றைக் கொடுத்தால், ஓராண்டின் 8,760 மணித்தியாலங்களிலும் ஒவ்வோர் அறையும் எவ்வளவு சுடும் என்று அது கணித்துக் காட்டும். கூரையின் கீழே ஒரு தட்டுப் பலகை அடித்தால்? இறவாரத்தை இரண்டடி நீட்டினால்? சோளகம் வரும் பக்கமாக யன்னலை மாற்றினால்? ஒவ்வொன்றாக மாற்றி மீண்டும் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஒரு கல்லைக்கூட இடிக்க வேண்டியதில்லை. அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் 2001 இல் வெளியிட்ட 'எனர்ஜிபிளஸ்' என்னும் மென்பொருள் இவ்வேலைக்கே உரியது. எவரும் விலையின்றிப் பெறலாம். உள்ளூர் வானிலைக்கு வவுனியாவில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதான நிலையம் உண்டு. பயில விரும்புவோருக்கு அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் உண்டு.

2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் உயர்ந்தபோது, மின்விசிறியைச் சுழலவிடுவதா நிறுத்துவதா என்று எத்தனை வீடுகளிற் பேச்சு நடந்தது! கூரையிற் செய்த பிழைக்கு விசிறி மாதந்தோறும் வட்டி கட்டுகிறது.

கணினி சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நாம் கூறவில்லை. பிழையான அளவைக் கொடுத்தால் பிழையான விடையையே தரும். அது கேட்கும் கேள்விகளில் ஒன்று, யன்னல்களை எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குச் சாத்துவீர்கள் என்பது. நுளம்புக்குப் பயந்து மாலை ஆறு மணிக்கே சாத்திவிடும் வீட்டில் எவ்வளவு பெரிய யன்னல் வைத்தும் பயனில்லை. ஆகவே அந்தக் கேள்விக்கு மாத்திரம், மாணவர்களே, உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.