வைத்தியரின் முகமூடி

நாடி பார்க்கும் வைத்தியர் தம் மனத்தில் ஓடுவதை முகத்தில் காட்டுவதில்லை. அது அத்தொழிலுக்கு உரிய நிதானம் என்றே நாமும் கருதுகிறோம். உடல் நோய்க்கு இது பொருந்தலாம். வைத்தியர் எப்படியிருந்தாலும் மருந்து தன் வேலையைச் செய்யும். ஆனால், பேச்சு ஒன்றையே மருந்தாகக் கொண்டு மனத்துயரைத் தீர்க்க முயல்பவர் முகமூடி அணிந்துகொண்டால் என்ன ஆகும்? இக்கேள்வியை நெடுங்காலம் ஆராய்ந்தவர் கார்ல் ரோஜர்ஸ் (1902-1987) என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர்.

1928 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் அவர் நியூயார்க் ராஜ்யத்தின் ராச்செஸ்டர் நகரில், குழந்தைகளின் மனக்கோளாறுகளைக் கவனிக்கும் நிலையத்தில் பணியாற்றினார். அடங்காத பிள்ளை ஒருவனின் தாயார் அவரிடம் வந்துகொண்டிருந்தார். மகனைச் சிறு வயதில் அந்த அம்மாள் வெறுத்து ஒதுக்கியதே கோளாறுக்குக் காரணம் என்பது ரோஜர்ஸின் முடிவு. அதைப் பக்குவமாகப் பல முறை உணர்த்த முயன்றும் பலன் இல்லை. கடைசியில், இருவரும் முயன்று தோற்றுவிட்டதாகவும் இத்துடன் நிறுத்திக்கொள்வதே நலம் என்றும் அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்த அம்மாளும் சம்மதித்து விடைபெற்றார். வாயிற்படியை நெருங்கியவர் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும், விட்டெழுந்த நாற்காலியிலேயே வந்து அமர்ந்து, தம் இல்வாழ்க்கையின் துயரத்தையெல்லாம் கொட்டினார். மெய்யான சிகிச்சை அன்றுதான் தொடங்கியது. தாய், மகன் இருவருக்கும் அது நன்மையில் முடிந்தது.

துன்பம் எங்கே இருக்கிறதென்று துன்பப்படுபவருக்கே தெரியும் என்பது ரோஜர்ஸ் இதிலிருந்து கற்ற பாடம். நாம் இன்னொன்றையும் கவனிக்கலாம். எல்லாம் அறிந்தவர் என்னும் ஆசனத்தை விட்டு அவர் இறங்கிய பிறகே அந்த அம்மாளின் வாய் திறந்தது.

ஆளை மையமாகக் கொண்ட சிகிச்சை என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற முறையை வகுத்தவர் இவரே. 1957-ல் எழுதிய பிரசித்தமான கட்டுரையில், மனமாற்றத்திற்கு வேண்டிய ஆறு நிபந்தனைகளை அவர் கூறினார். நிபந்தனையற்ற மதிப்பும், பிறர் உள்ளத்தை உள்ளபடி உணரும் பரிவும் அவற்றில் அடங்கும். அவற்றோடு, வைத்தியரின் அகமும் புறமும் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதும் ஒன்று. பரிவு இல்லாமலே பரிவு காட்டுவது நடிப்பு. புண்பட்ட உள்ளம் நடிப்பை வெகு விரைவில் கண்டுகொள்ளும்.

அப்படியானால் மனத்தில் தோன்றியதையெல்லாம் வைத்தியர் உளறிவிடலாமா? கூடாது. முதலில் அவர் தம்மையே ஏமாற்றிக்கொள்ளாதிருக்க வேண்டும். எதிரே இருப்பவரிடம் அச்சமோ, சொந்தக் கவலையால் கவனக்குறைவோ உண்டானால், அது இல்லையென்று தமக்குத் தாமே சாதிக்கக் கூடாது. அவ்வுணர்ச்சி நீடித்துக் குறுக்கே நிற்குமானால், வந்தவரிடமோ சக வைத்தியரிடமோ அதைப் பேசித் தீர்க்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் அவர் குற்றமற்ற மகானாக விளங்க வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரம் தாமாக இருந்தால் போதும் என்றார் ரோஜர்ஸ்.

இந்நிபந்தனைகள் மட்டுமே போதுமா என்பதைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. வைத்தியரின் மெய்ம்மை தேவையே இல்லை என்று வாதிப்பவர்களோ சிலரே.

1969-ல் வெளியிட்ட நூலொன்றில் ரோஜர்ஸ் இதே கொள்கையை உபாத்தியாயர்களுக்கும் விரித்தார். வகுப்பில் பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை தெரியாதபோது, புருவத்தை நெரித்து, "உட்கார்!" என்று அதட்டுவது எங்கள் தொழிலில் வெகு சுலபம். பிள்ளை உட்கார்ந்துவிடுவான், மறுமுறை கேட்க மாட்டான். "எனக்கும் தெரியவில்லை, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்வதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். வீட்டில் பெற்றோருக்கும் அத்துணிவு வேண்டியிருக்கிறது. அதைக் கேட்ட குழந்தை நாளைக்கும் நம்மைத் தேடி வரும்.