உலகின் மிக உயரமான மரத்துக்குக் காலடிகளே பகை

அமெரிக்காவின் வடக்குக் கலிபோர்னியாவில் ரெட்வுட் தேசியப் பூங்காவுக்குள் நிற்கிறது 'ஹைபீரியன்'. இன்று உயிரோடிருப்பதாக நாம் அறிந்த மரங்களில் இதுவே மிக உயரமானது: ஏறத்தாழ 116 மீட்டர், அதாவது 380 அடி. 2022 முதல் இதன் அருகே போவதற்குத் தடை. மீறினால் 6 மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். மரம் பார்க்கப் போனதற்கா இவ்வளவு தண்டனை என்று கேட்கத் தோன்றும். அந்த மரத்தடி மண்ணுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டால் தண்டனை கடுமையானது என்று சொல்ல மனம் வராது.

2006 ஆகஸ்டில் கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் என்ற இரு மர ஆர்வலர்கள் ஹைபீரியனைக் கண்டுபிடித்தார்கள். மறு மாதமே ஆய்வாளர் ஸ்டீவ் சில்லட் உச்சிவரை ஏறி, அளவு நாடாவைக் கீழே தொங்கவிட்டு உயரத்தை உறுதிசெய்தார். மரம் நிற்கும் இடத்தை வெளியே சொல்லவில்லை. ஆனால் ரகசியம் நிலைக்கவில்லை. இணையத்தில் இடம் கசிந்தது. அங்கே போகப் பாதை ஏதும் இல்லை. வந்தவர்கள் புதர்களை மிதித்துத் தாங்களே தடம் போட்டார்கள். அந்தத் தடம் அடுத்து வந்தவர்களை அழைத்தது. மரத்தைச் சுற்றியிருந்த பெரணிகள் அழிந்தன. குப்பையும் மலமும் கழிப்பறைத் தாளும் மிஞ்சின.

இவ்வளவு பெரிய மரத்தை மனிதக் கால் என்ன செய்துவிடும்? ரெட்வுட் மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் சில மீட்டர் ஆழத்தோடு நின்று, பக்கவாட்டில் 30 மீட்டருக்கு அப்பாலும் படர்கின்றன. அவற்றிலும் நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே இருக்கின்றன. அதாவது, மரத்தை அண்ணாந்து பார்க்க நாம் நிற்கும் இடம்தான் மரம் நீர் குடிக்கும் இடம்.

காட்டு மண் பொலபொலவென்று இருக்கும். துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில்தான் காற்றும் நீரும் தங்குகின்றன. மிதிபட மிதிபட அவை நசுங்கி மண் இறுகுகிறது. பிறகு மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடி மண்ணை அரிக்கிறது. வேர்களுக்குக் காற்று போதவில்லை. வேரோடு கூடி வாழ்ந்து சத்தை எடுத்துக் கொடுக்கும் பூஞ்சைகளும் நலிகின்றன. ஒருமுறை இறுகிய மண் தானாக இளகப் பல ஆண்டுகள் ஆகும். மரமோ உடனே வாடிக் காட்டுவதில்லை. கேடு மேலே தெரிவதற்குள் கீழே வெகுதூரம் போயிருக்கும். 'நான் ஒருவன் போவதால் என்ன ஆகிவிடும்' என்று ஒவ்வொருவரும் நினைப்பதற்கு இந்தத் தாமதம் பெரிதும் இடம் கொடுக்கிறது.

ஏறுகிறவர்களால் வரும் கேடு வேறு வகை. முதிர்ந்த ரெட்வுட் மரங்களின் கவைகளில் உதிர்ந்த இலைகள் மட்கி மண்ணாகின்றன. அந்த மண்ணில் பெரணிகளும் புதர்களும் வளர்கின்றன. தரைக்கு வராமலே வாழக்கூடிய, பல்லி போலத் தோன்றும் சலமாண்டர்களும் அங்கே உண்டு. பல காலம் சேர்ந்த அந்த மண்திட்டு ஒரு கயிறு உரசினாலே பெயர்ந்து விழலாம். காலில் முள்ளாணி கட்டி ஏறினால் பட்டையைத் தாண்டி உயிர்த்திசுவே காயப்படலாம். ஆய்வாளர்கள் ஆணி பயன்படுத்துவதில்லை. வில்லால் மெல்லிய நூலைக் கிளைக்கு மேல் எய்து, அதைக்கொண்டு கயிற்றை இழுத்து, அனுமதி பெற்றே ஏறுகிறார்கள்.

நியூசிலாந்தில் நிலைமை இன்னும் கடுமை. அங்குள்ள கவுரி மரங்களை மண்வழி பரவும் ஒரு நுண்கிருமி வேரிலிருந்து அழுகவைத்துக் கொல்கிறது. அதைப் பரப்புவதில் காலணியில் ஒட்டிய சேற்றுக்கும் பங்கு உண்டு. ஆகவே அந்நாட்டின் புகழ்பெற்ற கவுரி மரமான 'டானே மஹுட்டா'வைக் காணச் செல்பவர்கள் காலணியைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி போட்ட பிறகே மரநடைபாதையில் ஏற வேண்டும்.

ரகசியம் உடைந்த இடத்தில் தடையும் அபராதமும் தேவைதான். ஆனாலும் இவற்றைவிட நல்ல வழியாக எனக்குத் தோன்றுவது இதே ரெட்வுட் காடுகளில் இருக்கிறது. ஜெடடையா ஸ்மித் மாநிலப் பூங்காவில் 'குரோவ் ஆஃப் டைட்டன்ஸ்' என்ற தோப்பு 1998-இல் கண்டறியப்பட்டது. அதன் இடமும் கசிந்து, பெரணிகள் மிதிபட்டு, வேர்கள் வெளியே தெரிந்தன. பூங்கா நிர்வாகம் அங்கே தரையில் கால் படாதபடி ஏறத்தாழ 400 மீட்டர் நீளத்துக்கு உயர்த்திய நடைபாதை அமைத்தது. 2022 முதல் மக்கள் அதன்மேல் நடந்து மரங்களைப் பார்க்கிறார்கள். பார்க்கும் ஆசைக்கும் வேரின் நலனுக்கும் ஒருசேர இடம் கிடைத்தது. எல்லா இடத்திலும் இப்படிச் செய்யப் பணம் இருக்காது என்பது உண்மை. பணம் இல்லாத இடத்தில் வேலி போட்டு விலக்குவதுதான் நேர்மை.

ஹைபீரியனைத் தேடிப் புறப்பட நினைப்பவர்கள் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. அதன் அடியில் நின்றால் உச்சி தெரியாது. அடிமரமும் மற்ற பல ரெட்வுட் மரங்களை விடச் சிறியது. மேலும் அப்பகுதியில் கைபேசிச் சமிக்ஞை சரியாகக் கிடைப்பதில்லை. அடிபட்டால் உதவி வந்து சேரத் தாமதமாகும். அதே பூங்காவில் 'லேடி பேர்ட் ஜான்சன்' தோப்புக்கு முறையான நடைபாதை இருக்கிறது. அங்கே பருத்து நிமிர்ந்த ரெட்வுட் மரங்களைத் தாராளமாகக் காணலாம். யாருடைய வேரையும் மிதிக்க வேண்டியதில்லை.