'டிக்' சத்தம் வந்தும் லைட் எரியல, ஏன்?



எங்க அப்பா பிக்கப் வண்டி ஓட்டுகிறார். கல்வராயன் மலையிலிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஆத்தூர் பக்கம் சேகோ மில்லுக்குப் போவார். தோண்டின கிழங்கு ஓரிரு நாளில் கருக்க ஆரம்பித்துவிடும். மில்லில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை. அதனால் ராத்திரியானாலும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

போன கார்த்திகை மாதம் ஒரு நாள் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கும்போது நானும் மாமாவும் கூட இருந்தோம். மழைத் தூறல். ஒரு வளைவில் இரண்டு ஹெட்லைட்டும் பட்டென்று அணைந்துவிட்டது! அப்பா பிரேக்கை அழுத்தி நிறுத்தினார். டார்ச் அடித்துப் பார்த்தால், முன் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இரண்டு முழம்தான் இருந்தது. பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

இதில் வேதனை என்னவென்றால், லைட் மங்கலாக எரியுது என்று பத்து நாளைக்கு முன்புதான் கடன் வாங்கிப் புது பேட்டரி போட்டிருந்தார். அப்படியானால் தப்பு எங்கே? அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃப்யூஸ் பாக்ஸ் என்றால் என்ன?

நம்ம ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிதான் ஏரி. தண்ணீரைப் பல வாய்க்காலுக்குப் பிரித்துவிடும் மதகுதான் பானெட்டுக்குள் இருக்கும் ஃப்யூஸ் பாக்ஸ். அதில் இரண்டு சாமான் முக்கியம்.

ஃப்யூஸ்: அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே உருகி ஒயரைக் காப்பாற்றும். கலரைப் பார்த்தாலே அளவு தெரியும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

ரிலே: இது மின்காந்தத்தால் வேலை செய்யும் சுவிட்ச். 1835-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி செய்து காட்டிய தத்துவம்தான். நாலு கால் ரிலேவில் 85, 86 என்ற கால்கள் உள்ளே இருக்கும் காயிலுக்கு. நாம் லைட் சுவிட்சைப் போட்டால் சின்னக் கரண்ட் காயிலில் ஓடும். காயில் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். அந்தச் சத்தம்தான் 'டிக்'. அப்போது 30-ஆம் காலில் காத்திருக்கும் பெரிய கரண்ட் 87-ஆம் கால் வழியாக லைட்டுக்குப் போகும்.

எப்படிக் கண்டுபிடித்தோம்?

விடிந்ததும் மாமா, "ஃப்யூஸ்தான் போயிருக்கும், செம்புக் கம்பிய சுத்தி விடு மச்சான்" என்றார். அப்பா, "கம்பி சுத்துனா வண்டியே எரியும்யா, சும்மா இரு" என்று அதட்டினார். அப்பா செய்தது சரி. கம்பி உருகாது, அதற்குப் பதில் ஒயர் உருகும்.

பிறகு கீழே இருந்து ஒரு ஒயரிங்காரர் அண்ணன் பைக்கில் வந்தார். ஒரு டெஸ்ட் லேம்ப் மட்டும்தான் அவர் ஆயுதம்! அவர் பார்த்த வரிசை இது:

1. டெஸ்ட் லேம்ப் கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டினார். லைட் சுவிட்சைப் போட்டு, ஹெட்லைட் ஃப்யூஸின் இரண்டு முனையிலும் தொட்டார். இரண்டிலும் எரிந்தால் ஃப்யூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃப்யூஸ் போய்விட்டது. எங்கள் வண்டியில் இரண்டிலுமே எரியவில்லை! அப்படியென்றால் ஃப்யூஸுக்கே கரண்ட் வரவில்லை.

2. அடுத்து ரிலே. சுவிட்சைப் போட்டால் 'டிக்' கேட்டது. "அப்ப ரிலே நல்லாத்தானே இருக்கு?" என்றேன். "டிக்குன்னா காயில் நல்லாருக்குன்னு அர்த்தம் தம்பி. கரண்ட் தாண்டிப் போச்சான்னு அது சொல்லாது" என்றார்.

3. அதே நம்பர் உள்ள ஹாரன் ரிலேவைக் கழற்றி மாற்றிப் போட்டார். அப்பவும் எரியவில்லை. ரிலே மேல் குற்றமில்லை.

4. கடைசியாக ரிலே உட்காரும் குழியைப் பார்த்தார். 30-ஆம் கால் உட்காரும் இடத்தில் பச்சைக் களிம்பு! சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகிப் போயிருந்தது. வண்டி கழுவும்போது இறங்கிய தண்ணீர் செய்த வேலை.

ஏன் உருகியது?

நம் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்திலேயே பதில் இருக்கிறது! 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 9 ஆம்பியர். பல்புகளின் மின்தடை சேர்ந்து சுமார் 1.3 ஓம். களிம்பு 0.3 ஓம் தடை சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.6 ஓம், கரண்ட் 7.5 ஆம்பியராகக் குறையும். பல்புக்கு 10 வோல்ட் கூடக் கிடைக்காது. அதனால்தான் மங்கல்!

ஜூல் விதிப்படி அந்தக் களிம்பில் உண்டாகும் வெப்பம் 7.5 × 7.5 × 0.3 = சுமார் 17 வாட். சின்ன சால்டரிங் அயன் 25 வாட். அதில் மூன்றில் இரண்டு பங்கு சூடு ஒரு சின்னக் காலில்! கரண்ட் குறைந்ததே தவிரக் கூடவில்லை, அதனால் ஃப்யூஸ் கடைசிவரை காவலுக்கு வரவே இல்லை.

எரிந்த முனையை வெட்டிவிட்டு, புது ரிலே பேஸும் முனையும் போட்டார். லைட் பளிச்! பழைய பேட்டரி நல்லாத்தான் இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கிழங்கு ஒருநாள் தாமதமாகப் போனதால் பாயிண்ட்டும் குறைந்துவிட்டது.

நினைவில் வையுங்கள்

* லைட் மங்கினால் உடனே பேட்டரி வாங்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால், கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம்.
* ஃப்யூஸ் பாக்ஸ் மேல் தண்ணீர் பீய்ச்சக் கூடாது.
* கழற்றும்போது பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றணும், மாட்டும்போது கடைசியில் மாட்டணும். இல்லையென்றால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.
* புது வண்டிகளில் கம்ப்யூட்டர் ஒயர்கள் உண்டு. அதில் டெஸ்ட் லேம்ப் வைக்கக் கூடாது, மல்டிமீட்டர்தான் வைக்கணும்.

நண்பர்களே, பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்து நான் மனப்பாடம் செய்த சூத்திரம், அந்த வளைவில் எங்கள் மூன்று பேர் உயிரோடு சம்பந்தப்பட்டது. இப்போது வண்டி கிளம்பும் முன் ரிலேவைத் தொட்டுப் பார்ப்பது என் வேலை. "சூடு இருக்காடா?" என்று அப்பா கேட்பார். "இல்லப்பா, போகலாம்" என்பேன்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்